அடகுச் சீட்டு இல. 418

இருபத்தைந்து சதக் கூப்பன் அரிசி
எழுபதாகிய கிழமை.
செட்டியார் தெருவில் வெயில் தகரம்போல் கிடந்தது.
கொட்டாஞ்சேனை சிறில் அழகக்கோன்
கைக்குட்டை முடிச்சை விரலால் அவிழ்க்க முடியாமல்
பல்லால் இழுத்தார்.

உள்ளே முட்டை வடிவில் ஒரு வெள்ளி.
ஊதாவும் வெள்ளையும் சாய்ந்தோடும் நாடா.
விளிம்பில் அவர் பெயர், பொடி எழுத்தில்.
நாடாவைக் கழற்றித்தான் நிறுக்க வேண்டும்,
அது கடை முறை.
இரண்டு தோலா, கொஞ்சம் சொச்சம்.

"எதற்குக் கொடுத்தார்கள்?"
தராசைப் பார்த்தபடிதான் கேட்டேன்.
"ரூர் ஆற்றுக்கு மேலே, குண்டு போட்டுத் திரும்பும்போது
விமானத்துக்குள் தீ.
கையால் அடித்து அணைத்தேன்.
பிறகு தளம் வரைக்கும் தந்தி தட்ட வேண்டியிருந்தது,
அதுதானே என் வேலை."
சற்றுப் பொறுத்து,
"கீழேயும் எரிந்தது, தம்பி.
அதற்கும் சேர்த்துத்தான் இந்த வெள்ளி."

பதிவேட்டில் இடது பெருவிரல்.
மை தடவி அழுத்தினேன்:
வழுவழுவென்று ஒரு கறுப்பு வட்டம்,
ஒரு கோடும் இல்லை.
மற்ற ஒன்பதும் அப்படியே.
ரேகை இல்லையேல் காசில்லை என்பார் முதலாளி.
பின்கட்டில் அவர் ரசம் உறிஞ்சும் சத்தம் கேட்டது.

என் விரலை மையில் தோய்த்தேன்.
நெஞ்சடித்த அடியில்
தராசுத் தட்டு ஆடியதாய் நினைப்பு.
ஆறு ரூபாய். அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

தவணை கழிந்தது.
ஏலப் பட்டியல் எழுதியதும் நான்தான்:
சிறில் அழகக்கோன், வெள்ளி, நாடா நீங்கலாக.
எதிரே என் ரேகை.

நாடா இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது.
அதற்கு நிறை இல்லை.