புகை

நாற்பத்தாறு வருசமாக ஓடும்
ரிக் வண்டிக் கம்பெனியின் பேரேட்டில்
நாலே நாலு கட்டம்:
ஊர், அடி, தண்ணி, தொகை.
புகை கிளம்பிய போர்களை
நாங்கள் எழுதுவதில்லை.

திருச்செங்கோட்டு ஷெட்டில்
மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது
ராய்ச்சூர்ப் பக்கமிருந்து போன்.
பிட் கழண்டு குழிக்குள் விழுந்திருக்கிறது,
அறுநூற்று நாற்பதாவது அடியில்.
அதுவும் முந்தாநாள்.

"ரெண்டு நாளா ஏன்டா சொல்லலை?"

கம்ப்ரசர் இரைச்சல்.
அப்புறம் சுக்ராம்,
எங்களிடம் பழகிய தமிழில்:
"போன தடவை நீங்க
எப்படின்னு கேக்கலீங்க.
யாருன்னுதான் கேட்டீங்க."

டீ ஆறிப்போனது.
பாறை மாறுமுன் தூளின் நிறம் மாறும்,
பார்க்காமல் இறக்கினால் கல் கடித்துக்கொள்ளும்.
இருபத்திரண்டு பேருக்கும்
எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.
என் வாயிலிருந்து பறந்த தூள்
என்ன நிறமென்று
நான் பார்த்ததேயில்லை.

ஸ்கேலை எடுத்து ஐந்தாவது கட்டம் போட்டேன்.
கோடு கொஞ்சம் கோணல்.
தலைப்பு: என்ன தெரிந்தது?
முதல் வரி என்னுடையது.
ஊர், இந்த ஷெட்.
அடி, ஐம்பத்து மூன்று, என் வயசு.
தண்ணிக்கு நேரே
புகை என்றே எழுதினேன்.
ஐந்தாவதில் பேனா நின்றுவிட்டது.

சுக்ராமைத் திரும்பக் கூப்பிட்டேன்.
"பிட் கழள்றதுக்கு முன்னாடி
தூள் என்ன நிறத்துல வந்துச்சு சாமி?"

முதலில் நம்பவில்லை அவன்.
பிறகு வெகுநேரம் பேசினான்.
குறித்துக்கொண்டே இருந்தேன்:
கருப்பு,
நடுவில் ஒரு சாண் வெள்ளை,
அப்புறம்
செங்கல்லை நுணுக்கியது மாதிரி