எட்டாங்கட்டைப் பாலத்தில் இரவு வேலை

இரவு ஒன்பதுக்குப் பாதிப் பாலத்தை அடைக்கிறோம்.
மற்றப் பாதியில் பொகவந்தலாவைக் கடைசி பஸ்
பக்கக் கண்ணாடியை மடக்கி
மூச்சைப் பிடித்துக்கொண்டு போகும்.
பனி இறங்கிய பிறகு விளக்கைச் சுற்றி ஒரு வட்டம்.
அதற்கு வெளியே நுவரெலியா மாவட்டம் இருப்பதாக நம்புகிறோம்.

முன்பெல்லாம் பிரேக்கர்தான்.
அலகுக்கு ஆள் தெரியாது,
கெட்டதைக் குத்தும்போது நல்லதற்கும் நடுக்கம் கொடுத்துவிடும்.
மயிரிழை வெடிப்பு. மூன்று மாரிக்குப் பிறகுதான் வெளியே வரும்.
என் முழங்கைக்குள் அது இன்னும் ஓடுகிறது,
பிளேன்டீ தூக்கினால் தளும்பும்.

இப்போது தண்ணீர்.
ஆயிரம் பார் அழுத்தம், ஊசித்துளை வாய்.
எஞ்சினியர் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டு
பொள்ளல் சத்தம் வந்த இடமெல்லாம்
மஞ்சள் சோக்கால் வட்டம் போட்டிருந்தார்.
தண்ணீர் வட்டத்தை மதிக்கவில்லை.
உளுத்த வழியே உள்ளே போனது,
உறுதியான கல்லில் முட்டித் திரும்பியது,
கம்பியைத் துரு கழற்றிக்
கெண்டை மீன் போலப் போட்டுவிட்டு நகர்ந்தது.

மூன்றாம் கண்ணில், ஒரு முழம் ஆழத்தில்,
உரச்சாக்கு.
சாக்குக்குள் அரைச் செங்கல்கள், ஒரு சோடாப் போத்தல்.
எவனோ கொந்தராத்துக்காரன் சீமெந்து மிச்சம் பிடித்திருக்கிறான்.
அதன் மேலேதான் நாற்பது வருஷம்
கொழுந்து லொறி, கலியாண வேன், பிரேதப் பெட்டி.
இந்திக்க படம் எடுத்தான். சிரித்தான்.
பிறகு எட்டிக் கீழே ஆற்றைப் பார்த்தான், சிரிப்பு நின்றது.

என் சட்டைப் பையில் ஒரு அட்டை உண்டு:
'இவர் உயர் அழுத்த நீரில் வேலை செய்பவர்.
காயம் ஊசி குத்தியது போலத் தெரியும். நம்ப வேண்டாம்.
உள்ளே கிழிந்திருக்கும்.'
கம்பெனி இங்கிலீஷில் தந்தது.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் அந்த நேரம் யார் இருப்பார்களோ என்று
பின்பக்கம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி டேப் ஒட்டினேன்.
யசோதரா இரண்டு தரம் வாசித்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
சட்டை துவைக்குமுன் பையைத் தடவுகிறாள் இப்போது.

விடிய ஐந்தரை.
மேல் டிவிசன் பெண்கள் படங்கு கட்டிக்கொண்டு
திறந்த பாதியில் வரிசையாக வருகிறார்கள்.
செல்லமணி நின்றாள்.
"இம்புட்டுத் தண்ணி எங்க புடிக்கிறீங்க?"
ஆற்றில்தான். பவுசரில் ஏற்றி, மணலில் வடித்து, துணியில் வடித்து,
கடைசியில் தாளை விட மெல்லிசான ஒன்றில் வடித்து.
ஒரு மணல் போனாலும் பம்ப் செத்துவிடும், என்றேன்.
"எங்க பீலியில தவளக்குஞ்சு வருது."
கோபமில்லை. கடையில் விலை சொல்வது போல.

மலைக்குக் கொண்டுபோகும் வெறும் கேன் அவள் கையில்.
பின்னால் இன்னும் ஏழு கேன்.
கழுவிய சுண்ணாம்புத் தண்ணீருக்குத் தனிக் குழி வெட்டி
றெஜிபோம் விரித்து வைத்திருக்கிறோம், மீன் சாகக்கூடாதென்று.
வடித்த தண்ணீருக்கு அப்படி எந்தச் சட்டமும் சொல்லப்படவில்லை.
வால்வைத் திறந்தேன்.

நாலாவது கேனில் மட்டம் சிவப்புக் கோட்டுக்குக் கீழ் போனது.
பம்ப் தானாக நின்றது.
இரவு முழுக்கக் கேட்காத ஆறு கேட்டது.
காதுமூடியைக் கழற்றி
மிச்ச நாலு கேனையும் நிரப்பினேன்.

இந்திக்க மணியைப் பார்த்தான்.
கேன்களை எண்ணினான். என்னைப் பார்க்கவில்லை.
வேலைப் புத்தகத்தில் எழுதினான்:
5.40 முதல் 5.55 வரை
வடிகட்டி அடைப்பு.