முந்நூறு கிலோ விறகு

பிராம்ப்டன் சமூகக்கூடத்து வரிசை
பேருந்து நிறுத்தத்தையும் தாண்டி வளைந்து கிடக்கிறது.
மைனஸ் நான்கு.
இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்துவிட்டேன்,
சீருடைக்கு மேலே கோட்டு,
கழுத்தில் கழற்ற மறந்த அடையாள அட்டை.

விமான நிலையத்தில் என் வேலை
கைகளை விரிக்கச் சொல்வது.
இரும்புக் காப்பு எழுப்பும் சத்தம் வேறு,
பெல்ட் கொக்கியின் சத்தம் வேறு.
தலைப்பாகையைத் தொடுமுன் அனுமதி கேட்பேன்,
எல்லோரிடமும் அதே வாக்கியம்,
ஒருமுறை என் மாமனாரிடமும்.
அந்தக் கட்டடத்தில்
ஒரு பழைய ஜூன் மாதத்தை நாங்கள் பேசுவதில்லை.
தேநீர் அறையில் யாராவது ஆரம்பித்தால்
இன்னொருவருடைய மைக்ரோவேவ் மணி அடித்துவிடும்.

எனக்கு முன்னால் ஒரு பையன்.
பத்தொன்பது இருக்கும்.
சட்டையின் முதுகில் ஒரு வரைபடம்:
ஆறு இல்லை, ஊர் இல்லை,
மஞ்சள் பூசிய வெறும் நாடு.
தலைப்பாகையை என் அண்ணனைவிட அழகாய்க் கட்டியிருக்கிறான்,
மடிப்பெல்லாம் இஸ்திரி போட்டதுபோல.
திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான்.
"ஆன்ட்டி ஜி, நீங்க 'ஆம்' தானே?"

அண்ணனுக்கு நிர்வைர் என்று பெயர் வைத்தார்கள்.
பகை இல்லாதவன் என்று பொருள்.
தரண் தாரண் பக்கம், கோதுமை முற்றிய மாதம்.
டிராக்டருக்கு டீசல் வாங்கப் போனான்.
அப்படி யாரும் இங்கே வரவில்லை என்றது காவல் நிலையம்.
செருப்பு அவர்கள் வாசலிலேயே கிடந்தது,
இடது கால் வாரில் நான் போட்ட தையலோடு.
மூன்று வருடம் கழித்துச்
சுடுகாட்டுப் பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தது.
உரிமை கோரப்படாத உடல், ஒன்று.
விறகு, முந்நூறு கிலோ.
கீழே கையெழுத்து,
கோணல்மாணல் இல்லாமல், நிதானமாக.
"யார் உரிமை கோரவில்லை?" என்றாள் அம்மா.
குமாஸ்தா பக்கத்தைத் திருப்பிவிட்டான்.

இதைச் சொன்னால் போதும் இந்தப் பையனுக்கு.
வாயெடுத்தும்விட்டேன்.

அதே வருடம்தான்
பட்டாலா போகும் கடைசிப் பேருந்தை நிறுத்தினார்கள்,
தலைப்பாகை கட்டியவர்கள் இந்தப் பக்கம்,
மற்றவர்கள் அந்தப் பக்கம் என்று.
என் கணவரின் சித்தப்பா சந்தோக் சிங், கண்டக்டர்,
அந்தப் பக்கம் போய் நின்றார்.
"டிக்கெட் கிழித்துக் கொடுத்தவன் நான்.
இதெல்லாம் என் ஆட்கள்" என்றாராம்.
சுட்டவன் தலையிலும் பாகைதான்.
தோல்பை மட்டும் வீட்டுக்கு வந்தது,
பதினேழு ரூபாய் சில்லறையோடு.
அந்தச் சில்லறைக்குக் கணக்குக் கேட்டு
போக்குவரத்துக் கழகம் இரண்டு கடிதம் போட்டது.

எங்கள் கூடத்தில் இரண்டு படமும்
ஒரே சுவரில் இருக்கின்றன.
ஒரே துணியால்தான் துடைக்கிறேன்.
விருந்தாளிகள் சிலர் ஒன்றைப் பார்ப்பார்கள்,
சிலர் மற்றதை.
வந்தவர் யார் என்பது
டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும்.

சீட்டில் இருப்பதோ இரண்டு கட்டம்.
பையன் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறான்.
"கால் மரத்துப்போச்சு" என்றேன்.
உடனே தன் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தான்,
காலுக்கு என்று சொன்னது காதில் விழாதவன்போல.
சூடாக இருந்தன. போட்டுக்கொண்டேன்.

வாசலில் ஒரு தொண்டன்,
கையில் எங்கள் நிலையத்தில் இருப்பதுபோலவே ஒரு கருவி.
வாங்கி இரண்டு நாள்கூட ஆகியிருக்காது,
தலைகீழாகப் பிடித்திருந்தான்.
நான் திருத்தவில்லை.
"கைகளை விரியுங்கள், ஆன்ட்டி."

விரித்தேன்.
காப்பு கத்தியது.

"போகலாம்" என்றான்.
பின்னால் யாரோ இருமினார்கள்.
"போகலாம் ஆன்ட்டி, போங்க" என்றான் மறுபடியும்.
அடுத்தவனுடைய கையுறைக்குள் விரல்கள் வேர்க்க,
கைகளை இறக்காமல்
அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.