வேம்பாளம்பட்டை

பள்ளத்தூர், மதியம் மூன்று மணி.
தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் உருகிக் கிடக்க
பீட்ரூட் சாற்றை ஊற்றினேன்.
ஒட்டவில்லை.
அடியில் போய் முத்துமுத்தாய்
முகம் திருப்பி உட்கார்ந்துகொண்டது.

தண்ணீரில் பிறந்த நிறம், அதைச் சொல்லிக் குற்றமில்லை.
சிகப்பிக்குத்தான் போன் போட்டுச் சொல்ல வேண்டும்:
இருபது டப்பா உதட்டுத் தைலம்
திங்கட்கிழமை வராது.

காரைக்குடி நாட்டுமருந்துக் கடையில்
ஐம்பது கிராம் வேம்பாளம்பட்டை.
'பிய்ஞ்ச செருப்பாட்டம் இருக்கே' என்றார் இவர்.
சூடான எண்ணெயில் போட்டுவிட்டுத்
துணி மடிக்கப் போனேன்.
திரும்பினால்
கிளறாமலே சிவந்திருக்கிறது கிண்ணம்.

அந்தத் தைரியத்தில் சோப்பிலும் விட்டேன்.
காரம் பட்டதும் நீலம்.

சிவப்புக் கேட்ட சிகப்பி
ஒரு கட்டியை முகர்ந்து பார்த்தாள்.
'எம்பேர இதுக்கு வச்சிராதே' என்றாள்,
ஆறு கட்டியைப் பையில் போட்டுக்கொண்டே.