கறை

வழிகாட்ட வந்தவன் பெயரின் நடுவே
நாக்கு ஒருமுறை சொடுக்கும்.
சர்வேயர் ஆல்ட்ரிட்ஜுக்கு அது வரவில்லை.
'யான்' என்று எழுதிக்கொண்டார்.

டிராகன்ஸ்பெர்க் குகைச்சுவரில்
ஒரு எலாண்ட் மான் செத்துக்கொண்டிருக்கிறது,
கால்கள் பின்ன, தலை தொங்க.
வாலைப் பிடித்திருப்பவனுக்கும் கால்கள் பின்னல்தான்.
பாதத்துக்குப் பதில் குளம்பு.
மூக்கிலிருந்து ஒரு சிவப்புக் கோடு.

ஈரத்துணி ஒற்றி நிறத்தை எழுப்பினார்.
கொஞ்சம் துணியோடு வந்துவிட்டது.
பாவம், பிள்ளைக் கிறுக்கல் என்று
காலை நேராக்கினார்,
குளம்புக்கு விரல் வைத்தார்,
மூக்குக் கோட்டைக் கறையென்று விட்டார்.
வெடிப்புக்குள் பாதி நுழைந்திருந்த பாம்பை
முழுதாக வெளியே இழுத்துப் போட்டார்.
வெடிப்பை வரையவே இல்லை.
ஓரத்தில் குறிப்பு:
'எகிப்தியர் எவரோ இங்கே வந்திருக்க வேண்டும்.'

யான் சொல்லிக்கொண்டேயிருந்தான்:
வேட்டை இல்லை இது, ஆட்டம்.
ஆடுகிறவன் மானோடு சேர்ந்து சாகிறான்,
பிறகு மழையோடு வருவான்.
அந்த மொழிக்கு அங்கே காது இல்லை.

மூன்றாம் நாள் மலைக்காற்று வறண்டு அடித்தது.
குனிந்திருந்த ஆல்ட்ரிட்ஜின் மூக்கிலிருந்து
ரத்தம் ஒரு சொட்டு,
தாளில் அந்த ஆளின் மூக்குக்கு நேர்கீழே.

யான் எழுந்து வந்து பார்த்தான்.
'இப்போ சரி' என்றான்.

சனியன் என்று தாளைக் கசக்கினார் அவர்.
காப்பி கொதிக்க அது உதவியது.
புதுத் தாள் விரித்தார்.