தோன்றா எழுவாய்

சொல்லுக்குப் பதினெட்டுச் சதம்.
மாகாண அரசின் மின்சாரக் கம்பனி
ஸ்காபரோ வீடுகளுக்கு அனுப்பும் கடிதத்தை
நான் தமிழில் எழுதிக்கொடுக்க வேண்டும்.

ஒக்டோபரில் வந்த முதல் பிரதி
ஒளிவுமறைவில்லாதது.
எரிவாயு விலை இரட்டித்துவிட்டது,
ஆகவே நாம் கட்டணத்தை உயர்த்துகிறோம்.
நாம் என்றொரு எழுவாய்
முழங்கை தொடும் தூரத்தில் பயனிலை.

நவம்பரில் நாம் இல்லை.
கட்டணம் உயர்த்தப்படும்.
யாரால் என்று
கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் வெறுமை.

தைப்பொங்கலுக்கு மறுநாள்
அமைச்சர் மாறினார்.
உயர்வு சீரமைப்பு ஆயிற்று.
கம்பனியின் தலைவரும் மாறினார் என்று கேள்வி.
"தேர்தல் ஜூனில், பிரேமினி"
என்றாள் தொலைபேசியில் மெரடித்,
நாளைக்குப் பனி கொட்டும் என்பதுபோல.

பிறகு வந்தது நீலத்தாள்.
உங்கள் ஹைட்ரோ பில்லில்
காற்பங்கு தள்ளுபடி
தருவதில் நாம் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.

கொடுக்கிற நேரத்துக்கு
எழுவாய் திரும்பி வந்திருந்தது,
தலைசீவிக்கொண்டு.

அடியில் எறும்பெழுத்தில் ஒரு வரி:
இத்தொகை கடனாகப் பெறப்பட்டு
முப்பது ஆண்டுகளில் பாவனையாளரிடமே அறவிடப்படும்.

தமிழாக்கி அனுப்பினேன்.
இரவே பதில்: அந்த வரி வேண்டாம்.
ஏழு சொல்.
ஒரு டொலர் இருபத்தாறு சதம்.

பேஸ்மென்டில் இருக்கிற குலேந்திரன்
பேக்கரியில் இரவு வேலை.
பகலில் ஹீட்டரை அணைத்துவிட்டு
ஜாக்கெட்டோடு படுப்பவன்.
மார்ச் மாதம் ஒரு காலை
நீலத்தாளோடு படியேறி வந்தான்,
கையிலே மா இன்னும் காயவில்லை.

"குறைச்சுப் போட்டாங்கள் அக்கா!
தமிழிலயே போட்டிருக்கிறாங்கள், வடிவாய்.
என்ர முதல் வோட்டு
இவங்களுக்குத்தான்."

வடிவாய் என்ற சொல்
கொஞ்சம் நேரம்
என் சமையலறையிலேயே நின்றது.
அவன் மகளுக்கு இரண்டு வயது.
முப்பதைக் கூட்டிப் பார்த்தேன்.
தேத்தண்ணி போடவா என்று கேட்டேன்.

அவன் இறங்கிப் போனபின்
கீழே ஹீட்டரின் தகரம்
சூடேறி
டிக், டிக் என்று விரியத் தொடங்கியது.

அன்று மாலை பற்றுச்சீட்டு எழுதினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு சொல்,
வெட்டிய ஏழும் சேர்த்து.
மெரடித் ஒரு கேள்வி கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை
பணம் வரவு வைக்கப்பட்டது.