முப்பத்தெட்டு வீதம்

முப்பத்தெட்டு வீதம் ஒத்துப்போகிறதாம்.
கணினி என் இரண்டாம் அத்தியாயத்தைத்
திருப்பி அனுப்பியிருக்கிறது,
கொப்புளிப்பான் போட்ட பிள்ளையின் முதுகுபோலச்
சிவப்புச் சிவப்பாய்.

கலாநிதி சுகிர்தா ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தா:
"இது பொழிப்பும் இல்லை, சுருக்கமும் இல்லை.
அருளப்புவின் சட்டைக்குத்
தெறி மாற்றியிருக்கிறீர், அவ்வளவுதான்."

உண்மை.
அவர் 'வற்றுகிறது' என்ற இடத்தில்
நான் 'குறைகிறது' வைத்தேன்.
'கோடை'யை 'வெயில் காலம்' ஆக்கினேன்.

அருளப்பு, நீர்ப்பாசன உத்தியோகத்தர்.
புத்தூர், அச்சுவேலி, நீர்வேலிக் கிணறுகள்
இருநூற்றுப் பதினொன்றை அளந்து
நூற்று நாற்பத்திரண்டு பக்கம் தட்டச்சிட்டவர்.
'ற' வருகிற இடமெல்லாம்
எழுத்து கொஞ்சம் மேலேறி நிற்கும்.
எண்பத்தேழாம் பக்கத்தில் ஒரு வசனம்:
"பகலில் இழந்ததைக் கிணறு இரவில் மீட்டுக்கொள்கிறது;
ஆனால் முழுவதையும் அல்ல."

பரமேஸ்வராச் சந்தியில் மின்சாரம் போன நேரம்
போட்டோக்கொப்பிக் கடை வாசலில் நின்று,
தாளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு
என் வாயால் சொல்லிப் பார்த்தேன்:
விடிய வந்து எட்டிப் பார்த்தால்
தண்ணி ஏறித்தான் இருக்கும்,
நேற்றைய ஈரக்கோட்டுக்குச் சற்றுக் கீழே.

பொழிப்பு இதுதானாக்கும்.
அந்த 'ஆனால்' எங்கேயும் போய்விடவில்லை.

சுருக்கம் வேறு.
பத்தாம் வகுப்பில் 'மூன்றிலொன்றாகச் சுருக்குக' என்று வரும்,
சொல் எண்ணி எண்ணி விரல் நுனி மையாகும்.
இங்கே முழு அறிக்கைக்கும் எனக்கு நாலு வரிதான்.
'வலிகாமம் கிழக்கில் நிலத்தடி நீர்மட்டம்
ஆண்டுதோறும் இறங்கியதாக அருளப்பு காட்டுகிறார்...'
பிழை சொல்ல ஏலாத வரி.

கந்தவனம் எங்கே?
ஒவ்வொரு கிணற்றிலும் கயிற்றில் இறங்கி
அளவுகோலைப் பிடித்த மனுசன்,
அறுபத்து மூன்றாம் கிணற்றில் வழுக்கி
இரண்டு கிழமை வேலைக்கு வராதவர்,
அடிக்குறிப்பில் மட்டும் வருகிறவர்.
நாலு வரிக்குள் அவர் இறங்க மாட்டார்.
அதை அநியாயம் என்றும் சொல்ல முடியாது.

இரவு தம்பி ரொறன்ரோவிலிருந்து எடுத்தான்.
நாற்பது நிமிடம்.
வேலையில் மணித்தியாலம் வெட்டினது,
அறைக்காரனோடு பேச்சுவார்த்தை நின்றது,
நித்திரை வராமல் மூன்று மணிக்கு எழும்பிச்
சோறு வடிக்கிறது.
வைத்ததும் அம்மா குசினிக்குள்ளிருந்து கேட்டா:
"என்னவாம்?"
"சுகமாம்."

நாற்பது நிமிடத்துக்கு ஒரு சொல்.
சின்னச் சின்ன விபரங்களை விட்டிருந்தால் பரவாயில்லை,
அவன் எடுத்த காரணத்தையே விட்டிருந்தேன்.

அம்மா வெங்காயத்தை வைத்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தா,
மூலப்பிரதியைக் கேட்கிற மாதிரி.

பிறகு சொன்னேன்,
அவன் சொன்ன ஒழுங்கில் இல்லை,
அவன் சொற்களிலும் இல்லை:
"அங்க இரவு சரியான நீளமாம், அம்மா.
உழைப்பு பாதியாப் போச்சாம்.
வீட்டுக்குள்ள கதைக்க ஆளில்லையாம்.
பசிக்காட்டியும் சமைக்கிறானாம்."

ஒவ்வொரு வசனத்தின் வாலிலும்
ஒரு 'ஆம்' வந்து நின்றது.
பிறத்தியார் சொல்லை எடுத்தால்
வினையோடேயே முடிந்துவிடுகிறோம்,
இது என்னுடையதல்ல என்று.
'சுகமாம்' என்றபோதும் அந்த 'ஆம்' இருந்தது.
அவன் சொல்லாததற்கு
அவன் பெயரைப் போட்டிருந்தேன்.

அம்மா ஒன்றும் பேசவில்லை.
தாளிதம் கருகிற மணம்.

பன்னிரண்டு மணிக்குக் கோப்பைத் திறந்தேன்.
நாலு வரியில் கை வைக்கவில்லை.
அதற்குக் கீழே புதிதாக ஒரு பந்தி தொடங்கினேன்:
கந்தவனம் கயிற்றில் இறங்கினாராம்.
'ஆம்'ஐ அழித்தேன்.
அந்த இடத்தில்
(அருளப்பு, பக். 61)